நொண்டிக் கரண்டும் ஒரு சிங்கப்பூர் கடிகாரமும்

1995 பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா எங்கள் வீட்டுக்கென்று ஒரு கடிகாரம் கொண்டுவந்தார். செங்கல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே சிவப்பு எழுத்தில் மணி எரியும். முள்ளும் கிடையாது, டிக் டிக்கும் கிடையாது. சப்பை முள் வைத்த அதன் பிளக் நம்மூர் ஓட்டையில் இறங்கவில்லை என்பதால், அப்பா வயரை வெட்டி டூ பின் மாட்டிக் கொடுத்தார். ராத்திரி ஒன்பது மணிக்கு ரேடியோவைப் பார்த்து நேரம் வைத்தோம். மறுநாள் ரேடியோவில் ஒன்பது அடிக்கும்போது பெட்டி 8:24 என்றது.

திரும்ப வைத்தோம். அடுத்த நாளும் அரை மணிக்கு மேல் பின்னால் நின்றது. மாமாவுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. "அங்க ஒரு நிமிசங்கூடத் தப்பாதுங்க மாப்ளே, கடைக்காரன் ஏமாத்திப்புட்டான் போல."

அப்பா அதைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. "கெடியாரத்துல ஒண்ணுமில்லீங்க மச்சான். கரண்டுதான் நொண்டுது."

அப்பா உடுமலைப் பக்கம் ஒரு 110 கேவி (ஒரு கேவி என்றால் ஆயிரம் வோல்ட்) துணை மின் நிலையத்தில் ஆபரேட்டர். மூன்று ஷிப்ட், மணிக்கொரு தடவை ரீடிங். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோற்றுக் கேரியரோடு என்னையும் கன்ட்ரோல் ரூமுக்குள் கூட்டிப்போய், பேனலில் பதித்திருந்த ஒரு மீட்டரைக் காட்டினார். அதில் முள்ளே இல்லை. வெள்ளை முனை வைத்த சின்னச் சின்னத் தகடுகள் பல்வரிசை மாதிரி அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே ஓர் எண்: 47, 47.5, 48, 48.5 என்று 53 வரை. எல்லாத் தகடும் சும்மா நிற்க, 48.5-க்கு மேலே இருந்த ஒன்று மட்டும் ஆடி ஆடி வெள்ளைப் புகையாய்த் தெரிந்தது. பக்கத்து 49 லேசாக நடுங்கியது.

"இது 50-ல ஆடோணும் கண்ணு. 50 தடவ துடிச்சா ஒரு செகண்டுன்னு எண்ணிக்கற மாதிரி மாமா கெடியாரத்தச் செஞ்சிருக்கறாங்க. இங்க 48 சொச்சந்தான் துடிக்குது. அது என்ன பண்ணும், பாவம்."

பிறகு வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஐம்பதுக்கு ஒன்றரை குறைந்தால் நூற்றுக்கு மூன்று. ஒரு நாளைக்கு 1,440 நிமிடம் என்றால் 43 நிமிட நஷ்டம். மாமாவின் கடிகாரம் மணி பார்க்க உதவவில்லை. ஆனால் தென்னிந்தியாவின் மின்சாரம் அன்றைக்கு எப்படி இருந்தது என்பதை ஒரு நிமிடம் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

இந்தத் துடிப்பு எங்கிருந்து வருகிறது? எங்கேயோ ஏதோ ஒன்று சுற்றுவதிலிருந்துதான். நெய்வேலியில் நிலக்கரியை எரித்து நீராவியாக்கினாலும், தூத்துக்குடியில் கப்பலில் வந்த கரியை எரித்தாலும், கூடங்குளத்தில் அணுவைப் பிளந்தாலும், கடைசியில் நடப்பது ஒரே வேலை. ஒரு டர்பைன் சுற்றும். அதோடு ஒரே அச்சில் மாட்டிய காந்தமும் சுற்றும். சுற்றியிருக்கும் செம்புச் சுருளில் மின்சாரம் பிறக்கும். நீராவி டர்பைன் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் நொடிக்கு 50. அணையில் ஓடும் டர்பைன் மெதுவாகத்தான் சுற்றும், ஆனால் அதற்குக் காந்தத் துருவங்கள் அதிகம். எனவே அங்கேயும் அதே 50 வரும். 1932-இல் நீலகிரியில் பைக்காரா ஓடத் தொடங்கி, மூவாயிரம் அடிக்கும் மேலிருந்து விழுந்த தண்ணீரில் பிறந்த மின்சாரம் கோவை மில்களுக்கு வந்த நாளிலிருந்து கொங்கு நாட்டுக்கு இதுதான் கணக்கு.

இதில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. ஒரே வலையில் இணைந்த எல்லா ஜெனரேட்டர்களும் ஒரே தாளத்தில்தான் சுற்றியாக வேண்டும். ஒன்று முந்துவதோ ஒன்று பிந்துவதோ நடக்காது. பூட்டிய மாடுகள் மாதிரி. ஒன்று மட்டும் தனியாக ஓடிவிட முடியாது, இழுவை கூடினால் எல்லாம் சேர்ந்துதான் தளரும். நான் இங்கே மோட்டார் போட்டால் அந்தச் சுமை எங்கேயோ ஓர் அச்சில் போய் உட்காரும். போட்ட கணத்துக்கும் அச்சு உணரும் கணத்துக்கும் இடைவெளி என்று சொல்லும்படி ஏதுமில்லை. மின்சாரத்தைக் குதிரில் நெல் கொட்டி வைப்பது போல வைத்துக்கொள்ள இடமில்லை. இந்த நொடி எரிவது இந்த நொடி பிறந்தது. பிறப்பது குறைந்தால் பற்றாக்குறையை அந்தச் சுற்றும் இரும்பின் வேகம்தான் கொடுத்து ஈடுகட்டும். வேகம் குறையும், 50 என்பது 49 ஆகும்.

அப்படியே விட்டுவிடவும் முடியாது. 47.5-க்குக் கீழே இறங்கினால் நீராவி டர்பைன் இறக்கைகளில் ஆபத்தான அதிர்வு வரும். மின் நிலையங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளக் கழன்றுகொள்ளும். ஒன்று கழன்றால் மற்றவற்றின் மேல் பாரம் கூடும், அவையும் கழலும், பிறகு இருட்டுதான். 2012 ஜூலை 30, 31 இரண்டு நாளும் வடக்கே பாரம் தாங்காத பெரிய லைன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று, இரண்டாவது நாள் அறுபது கோடிப் பேருக்கு மேல் இருட்டில் உட்கார்ந்தார்கள். அன்று தெற்கு தப்பியதற்குக் காரணம் நம் சாமர்த்தியமல்ல. நம் வலை அப்போது வடக்கோடு ஒரே தாளத்தில் கட்டப்படவில்லை. துடிப்பே இல்லாத நேர்மின்சாரப் பாதைகள் வழியாக மட்டும் கை கொடுத்துக்கொண்டிருந்தோம்.

துணை மின் நிலையம் என்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கம்பிக் காடு. எனக்கு அது விளையாட்டுத் திடல் (வேலிக்கு வெளியே நின்றுதான்). டவரில் தொங்கும் பீங்கான் தட்டுகளை எண்ணுவது எங்கள் விளையாட்டு. 110 கேவிக்கு ஏழெட்டுத் தட்டு, 230-க்குப் பதினான்கு சொச்சம், 400-க்கு இருபதுக்கு மேல். தட்டை எண்ணிவிட்டு லைனின் வோல்டேஜைச் சொன்னால் அப்பா முதுகில் தட்டுவார்.

இவ்வளவு வோல்டேஜ் எதற்கு என்று ஒரு நாள் கேட்டேன். சோறு தின்ற கையோடு ரீடிங் பேப்பரின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினார். பத்து மெகாவாட்டை நம் வீட்டு வோல்டேஜிலேயே அனுப்பினால் ஏறக்குறைய 14,000 ஆம்பியர் ஓட வேண்டும். அதற்குக் கம்பி தென்னைமரத் தண்டியில் வேண்டும். 22 கேவியில் 262 ஆம்பியர் போதும். 230 கேவியில் வெறும் 25. கம்பியில் சூடாகி வீணாவது ஆம்பியரின் வர்க்கத்துக்குத் தக்கபடி. வோல்டேஜைப் பத்து மடங்கு ஏற்றினால் நஷ்டம் நூறில் ஒன்றாகிவிடும். அதனால்தான் பிறந்த இடத்தில் ஏற்றி, தூரத்தைக் கடத்தி, ஊர் வாசலில் இறக்குகிறோம். அப்பாவின் வேலை அந்த இறக்கும் இடத்தில். 110 உள்ளே வரும், 22 வெளியே போகும்.

கூர்ந்து பார்த்தால் அந்த வேலையில் பாதி பராமரிப்புதான். டிரான்ஸ்பார்மர் மூச்சு விடும் என்று சொன்னபோது நான் நம்பவில்லை. சூடு ஏறினால் எண்ணெய் விரிந்து காற்றைத் தள்ளும், ஆறினால் காற்றை இழுக்கும். இழுக்கும் காற்றில் ஈரம் சேராமலிருக்க ஒரு கண்ணாடிக் குடுவையில் நீல நிறக் கற்கண்டு மாதிரி சிலிக்கா ஜெல் போட்டிருப்பார்கள். ஈரம் குடித்துக் குடித்து அது ரோஸ் நிறமாகும். ரோஸ் ஆனதும் எடுத்து வறுத்தால் மறுபடி நீலம். அப்பா இரும்புச் சட்டியில் அதை வறுப்பதைப் பார்த்திருக்கிறேன், அம்மா கடலை வறுப்பதைவிடப் பொறுமையாக. பக்கத்து அறையில் வரிசை வரிசையாகப் பேட்டரி. வெளியே லட்சம் வோல்ட் இருந்தாலும், ஏதாவது கெட்டுப்போய்க் கரண்ட் நின்ற நேரத்தில் லைனைத் துண்டிக்கும் பிரேக்கரைத் திறக்க அந்தப் பேட்டரிதான் துணை. ஆசிட் நெடி அப்பாவின் காக்கிச் சட்டையில் எப்போதும் இருக்கும்.

இனி எல்.சி. பற்றி. லைன் கிளியர் என்பதன் சுருக்கம். லைன்மேன் கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் ஆபரேட்டரிடம் லைனை நிறுத்தச் சொல்லி வாங்கும் அனுமதி. நிறுத்தி, எர்த் செய்து, நம்பர் போட்டு எழுதிக் கொடுத்துவிட்டால், அதே நம்பர் திரும்பி வரும்வரை அந்த ஃபீடருக்கு, அதாவது நிலையத்திலிருந்து ஊர்ப்பக்கம் போகும் அந்த லைனுக்கு, கரண்ட் கொடுக்கக் கூடாது. 1998 கோடை மழை ஒன்றில் எங்கள் பக்கத்து ஃபீடரில் இரண்டு இடங்களில் தென்னை மட்டை விழுந்து, இரண்டு கோஷ்டி தனித்தனியாக எல்.சி. வாங்கியிருந்தார்கள். ஒரு கோஷ்டி வேலை முடித்து ரிட்டர்ன் சொல்லிவிட்டது. இன்னொன்றிடமிருந்து போன் இல்லை. செல்போன் கிடையாது. அந்தக் கோஷ்டியின் லைன்மேன் பக்கத்து ஆயில் மில்லுக்கு வந்துதான் கூப்பிட வேண்டும், மில்லிலும் கரண்ட் இல்லாததால் பூட்டிவிட்டார்கள்.

அன்று ஒரு கல்யாண வீடு அந்த ஃபீடரில் இருந்தது. போன் மேல் போன். மாப்பிள்ளை அழைப்பு இருட்டில் நிற்கிறது என்று கெஞ்சினார்கள், பிறகு திட்டினார்கள். அப்பா ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைச் சொன்னார்: "ஒரு ஆள் இன்னும் மேல இருக்கறானுங்க." ஒன்றே முக்கால் மணி நேரம். கடைசியில் அந்த லைன்மேன் மொபெட்டில் தொப்பலாக நனைந்துகொண்டு நேரிலேயே வந்து நின்றார். வேலை முக்கால் மணி நேரத்துக்கு முன்பே முடிந்திருந்தது. அப்பா நோட்டில் நேரம் எழுதி, கையெழுத்து வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, மறுபடி ஒரு தடவை நம்பரைப் படித்துவிட்டுத்தான் பிரேக்கரைப் போட்டார். அந்த 'டம்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இப்போது வீட்டில் கரண்ட் போய்ப் பத்து நிமிடத்துக்குள் யாராவது ஈபிக்காரரைத் திட்டத் தொடங்கினால், எனக்கு அந்த நனைந்த ஆள்தான் நினைவுக்கு வருவார்.

துணை மின் நிலையம் தாண்டி மிச்சம் உள்ளதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 22 கேவி தெருமுனை வரை வரும். அங்கே இரண்டு கம்பத்துக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் டிரான்ஸ்பார்மர் அதை வீட்டு அளவுக்கு இறக்கும். மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல். வீட்டுக்கு ஒரு ஃபேஸ் வரும், தோட்டத்து மோட்டாருக்கு மூன்றும் வேண்டும். மூன்று ஃபேஸ் இல்லாத நேரத்தில் எங்கள் ஊரில் கண்டன்சர் போட்டு இரண்டு ஃபேஸிலேயே மோட்டார் ஓட்டுவார்கள். பெரியப்பாவும் ஓட்டினார். அப்பாவுக்கும் அவருக்கும் இதில் தீபாவளிக்குக்கூடப் பேச்சில்லாமல் போனதுண்டு. ஒருத்தர் ஓட்டினால் ஒன்றுமில்லை, ஊரே ஓட்டினால் டிரான்ஸ்பார்மர் ஒரு பக்கமாகச் சூடேறும், எல்லோர் வீட்டு பல்பும் மங்கும்.

கடிகாரத்துக்கு வருவோம். எட்டு வருடம் அது நொண்டியது. யாரும் நேரம் பார்ப்பதில்லை, சாமி படத்துக்குப் பக்கத்தில் விளக்கு மாதிரி எரிந்துகொண்டிருந்தது. 2003 தை மாதம் ஒரு நாள் அம்மாதான் கவனித்தார்: "ஏனுங், இது சரியா ஓடுதுங்க."

அதற்குக் காரணம் புது மின் நிலையம் எதுவும் அல்ல. ஒரு விலை. அதுவரை மத்திய அரசின் மின் நிலையங்களிலிருந்து மாநிலங்கள் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தன. நான் நிறுத்தினால் பக்கத்து மாநிலம் இழுத்துக்கொள்ளும், நான் எதற்கு என் ஜனங்களை இருட்டில் போட வேண்டும் என்று எல்லோரும் நினைத்தால் துடிப்பு 48-க்கு இறங்கத்தானே செய்யும்? 2003 ஜனவரி 1 முதல் தென் மண்டலத்தில் புதுக் கட்டண முறை வந்தது. நாளைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக 96 ஆக வெட்டினார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் நீ எவ்வளவு எடுப்பாய் என்று முன்கூட்டியே சொல். சொன்னதைவிடக் கூட எடுத்தால், அந்தப் பதினைந்து நிமிடத்தில் துடிப்பு எவ்வளவோ அதற்கேற்ற விலை. 50.5-க்கு மேல் இருந்தால் ஓசி. இறங்க இறங்க விலை ஏறும். குறைவாக எடுத்தவனுக்கு அதே விலையில் பணம் கிடைக்கும்.

எனக்கு இதில் இன்னும் தீராத வியப்பு உண்டு. விலையை யாரும் அறிவிக்க வேண்டியிருக்கவில்லை. அது கம்பியிலேயே ஓடியது. கன்னியாகுமரியிலும் ஐதராபாத்திலும் சுவரில் இருக்கும் பிளக் பாயின்டில் ஒரே நேரத்தில் ஒரே எண். பல வருட அறிவுரைக்கும் சண்டைக்கும் மசியாத துடிப்பு, காசு என்றதும் சில வாரங்களில் நிமிர்ந்தது. அப்பா சொன்னது: "இப்ப உன்ற மாமா கெடியாரம் வெலப் பட்டியலு கண்ணு."

அதற்காக மின்சாரம் கூடிவிடவில்லை. 2008-க்குப் பிறகான வருடங்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கோவை, திருப்பூர்ப் பக்கம் ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாமல் பனியன் கம்பெனிகளும் லேத் பட்டறைகளும் ஜெனரேட்டர் புகையில் உட்கார்ந்திருந்த காலம். துடிப்பு ஒழுங்காகத்தான் இருந்தது. ஒழுங்காக வைக்கத்தான் எங்கள் ஃபீடரை நிறுத்தினார்கள். வடக்கே மின்சாரம் விற்பனைக்கு இருந்த நாட்களிலும் அதைக் கொண்டுவர லைன் போதவில்லை. கடிகாரம் கரண்ட் வரும்போதெல்லாம் 12:00 என்று கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. அப்பா அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கேவி லைன் வழியாக தெற்கும் நாட்டின் மற்ற வலையோடு ஒரே தாளத்தில் சேர்ந்தது. அப்பா அதற்குள் ரிட்டயர் ஆகிவிட்டார். பேப்பரில் அந்தச் செய்தியைக் கத்தரித்து பர்ஸில் வைத்துக்கொண்டார்.

இதற்கிடையில் எங்கள் ஊர்க் காற்றும் வேலைக்குச் சேர்ந்திருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி முதல் புரட்டாசி வரை அடிக்கும் காற்று, உடுமலை, பூளவாடி, குடிமங்கலம் சோளக்காடெல்லாம் காற்றாலைகளை முளைக்க வைத்தது. ஆடிக் காற்றில் அம்மி பறக்குமோ என்னவோ, எங்கள் துணை மின் நிலையத்தில் ஓர் ஆடி ராத்திரி மின்சாரத்தின் திசையே திரும்பியது. வாங்கிக்கொண்டே இருந்த நிலையம் முதல் தடவையாகக் கொடுக்கத் தொடங்கியது. ஊர் தூங்கும் நேரத்தில் பொங்கி வருவதை என்ன செய்வது? வால்பாறை மலையில் கடம்பாறை என்று ஒரு நிலையம், பூமிக்குள் குடைந்தது, 400 மெகாவாட். மிஞ்சிய மின்சாரத்தில் கீழே மேல் ஆழியாற்றுத் தண்ணீரை மேலே ஏற்றி வைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் எல்லோரும் விளக்குப் போடும்போது அதே தண்ணீரை இறக்கிவிடுவார்கள். ஏற்ற ஆகும் செலவு இறக்கும்போது முழுசாகத் திரும்பாது. ஆனாலும் குதிர் இல்லாத ஊரில் அதுதான் குதிர்.

2018-இல் கொங்கு மாவட்டங்களில் உயர்மின் கோபுரங்களை எதிர்த்து விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தது நினைவிருக்கலாம். அதில் ஒரு லைன் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகலூர் வரை 1,765 கிலோமீட்டர், 800 கேவி நேர்மின்சாரம், 6,000 மெகாவாட். நேர்மின்சாரம் என்பதால் அந்தக் கம்பிக்குத் துடிப்பே கிடையாது. இந்த முனையில் வந்து இறங்கி, மாற்றிய பிறகுதான் 50-இல் சேரும். பெரியப்பா தோட்டத்தில் வேறொரு லைனின் கோபுரம் நாலு காலை ஊன்றி நிற்கிறது. கீழே தென்னை வைக்கக் கூடாது, இருந்த பதினொன்றையும் வெட்டியாகிவிட்டது. லைன் இல்லாததால் இருட்டில் கிடந்த வருடங்களைப் பார்த்தவன் நான். கோபுரம் வரத்தான் வேண்டும் என்பேன். ஆனால் ஒரு தடவை கொடுக்கும் நஷ்டஈட்டைக் காட்டி, வருடா வருடம் காய்த்த மரத்துக்குக் கணக்கு முடிந்தது என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. காற்றாலைக்காரனுக்கு வருடா வருடம் வருமானம், கோபுரம் தாங்குகிறவனுக்கு ஏன் கூடாது? இதைச் சொன்னபோது மட்டும் அண்ணன் தம்பி இருவரும் ஒரே பக்கம் தலையாட்டினார்கள்.

2020 ஏப்ரல் 5. ஊரடங்கில் நான் ஊரில் மாட்டியிருந்தேன். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் நாடு முழுக்க விளக்கை அணைக்கச் சொல்லியிருந்தார்கள். அப்பா காலையிலிருந்தே சரியாகச் சாப்பிடவில்லை. "வெளக்க மட்டும் அணைக்கோணும்னு சொல்லீருக்கறாங்கல்ல? ஃபேனையும் சேத்து அணைச்சுப்போட்டா?" பாரம் திடீரென்று குறைந்தால் துடிப்பு எகிறும், ஒன்பது நிமிடம் கழித்து எல்லோரும் போட்டால் சரியும். இரண்டும் அடுத்தடுத்து. என் போனில் மின்பாரத்தையும் துடிப்பையும் காட்டும் அரசு இணையப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முற்றத்தில் அம்மா ஏற்றிய அகல் வெளிச்சத்தில், பழையபடி ரீடிங் எடுக்க உட்கார்ந்தார்.

எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாகக் குறைந்தது. நாடு முழுக்கச் சுமார் 31,000 மெகாவாட். அணைகளில் இருந்த ஆட்கள் கால் மணி நேரம் முன்பிருந்தே தயாராக நின்று, 17,500 மெகாவாட் அளவுக்கு நீர்மின் உற்பத்தியை மளமளவென்று இறக்கி, மறுபடி ஏற்றினார்கள். துடிப்பு 49.7-க்கும் 50.26-க்கும் நடுவிலேயே நின்றது. ஒன்பதரைக்கு அப்பா போனைக் கீழே வைத்து, "அத்தன பேரும் முழிச்சிட்டு உக்காந்திருந்திருப்பானுங்க" என்றார். பிறகு தட்டில் சோறு போடச் சொன்னார்.

சாப்பிட்டு எழுந்தவர் நேரே போய்ப் பரணில் கிடந்த கடிகாரத்தை இறக்கினார். தூசி தட்டி, மாட்டி, என் போனைப் பார்த்து நேரம் வைத்தார். மறுநாள் ராத்திரி அதே நேரத்துக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காத்திருந்தோம். இரண்டும் ஒன்றாக மாறின.

அப்பா உடனே சிங்கப்பூருக்குப் போட்டார். அங்கே நடுராத்திரி.

"மச்சான், உங்க கெடியாரம் சரியாயிருச்சுங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மாமா தூக்கக் கலக்கத்தில் கேட்டார்: "எந்தக் கெடியாரமுங்க மாப்ளே?"